நான் தூக்காத இரவு

ஜின் இருக்கிறது என்று மார்க்கத்தில் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மதில்மேல் உட்கார்ந்திருந்தது, முருங்கையில் தொங்கியது என்று கதைப்பவர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை, எழும்பிப் போய்விடுவேன். நீங்களும் எழும்பிப் போகலாம், கோபிக்க மாட்டேன். கோபிக்க எனக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

உள்நாட்டுச் சண்டை முடிந்து மூன்றாம் வருஷம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் வந்த குடும்பங்கள் எங்களுடையவை. நான் பிள்ளை பெற்று இருபத்திரண்டாம் நாள், ஊரில் காணி துப்புரவாக்க வேண்டும் என்று உம்மாவும் மாமியும் ஒரே வேனில் ஏறிப் போய்விட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் காடாகக் கிடந்த காணி இன்னும் இரண்டு கிழமை, பதினாலே நாள், கிடக்காதா?

மகள் ராத்திரி இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அழத் தொடங்குவாள், விடியற்காலை சுபஹுக்குத்தான் ஓய்வாள். ஓதின தண்ணீர், வயிற்றுக்கு மருந்து, ஒன்றும் கேட்கவில்லை. மாமி போனில், "நான் அஞ்சு பெத்தன், ஒண்டும் இப்பிடிக் கத்தல்ல. நீ என்னமோ பிழையாச் செய்யிறாய்" என்றார். என் மனுஷனுக்கு உப்பளத்தில் வேலை. "காலைல வேலைக்குப் போகணும்" என்று தலையணையால் காதை மூடிக்கொள்வார். வேலை இல்லாதவள் நான் ஒருத்திதானே!

அன்று ராத்திரி எனக்கு விசர் பிடித்தமாதிரி ஆகிவிட்டது. பிள்ளையைக் கொண்டுபோய் அவருடைய பாயில், தலைமாட்டில் கிடத்தினேன்.

"இஞ்ச, உங்கட மகள். நான் செத்தாலும் இனித் தூக்க மாட்டன்."

அவர் அசையவில்லை. முன்கதவு உள்ளே பூட்டியிருந்தது. பின்கதவால் வெளியே வந்து வெளிக் கொளுக்கியைப் போட்டுவிட்டுக் கிணற்றடியில் குந்தினேன். பிள்ளை வீரிட்டாள். போகமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். திடீரென்று அழுகை நின்றது, குழாயைப் பூட்டினமாதிரி. ஜன்னல் சீலையில் யாரோ அங்குமிங்கும் நடக்கும் நிழல். தகப்பனுக்கு இப்போதுதான் ரோசம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

சுபஹு பாங்குக்கு விழித்து, கொளுக்கியைக் கழற்றி உள்ளே போனால் அவர் அதே மாதிரிப் படுத்திருக்கிறார். பிள்ளை ஏணைத் தொட்டிலில் தூங்குகிறாள். எனக்கு வெட்கமாகிவிட்டது, சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"ராத்திரி நீங்க புள்ளயத் தூக்கினது பெரிய உதவி."

"நானா? நீதானே மடியில வச்சுப் பால் குடுத்துக்கிட்டு இருந்தாய். தா எண்டு கேட்டன், 'நீங்க படுங்க' எண்டாய்."

நடிக்கிறார் என்று நினைத்துக் கோப்பையைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். மனுஷன் வெளிறிப்போய், "அல்லாஹ் மேல சத்தியம்" என்றார். சும்மா சத்தியம் பண்ணுகிறவர் அல்ல அவர்.

பிள்ளை மத்தியானம் லுஹர்வரை எழும்பவில்லை. எழும்பியும் பாலுக்கு முகத்தைத் திருப்பினாள். வயிறு நிறைந்து கும்மென்று இருந்தது. எனக்கோ மார் இரண்டும் கல்லாகி, சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. மாமிக்குச் சொன்னால், "தூக்கக் கலக்கத்துல நீயே குடுத்திருப்பாய்" என்கிறார். கொடுத்திருந்தால் மார் ஏன் கட்டியது? அதை ஒருவரும் கேட்கவில்லை. என் மனுஷன் சிநேகிதர்களிடம் பகிடியாகச் சொல்லிச் சிரித்தார். அதற்கு இன்றைக்கும் அவரை நான் மன்னிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அன்று வந்த அந்த ஒன்றின்மேல் எனக்கு அவ்வளவு கோபமில்லை, அந்த வீட்டில் என் பிள்ளையைத் தூக்கியது அது ஒன்றுதான்.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு. எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவளும் தாய், அவள் பிள்ளைகள் கூடப்பிறந்த மாதிரி, கலியாணம் முடிக்க ஏலாது. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு சம்பந்தம் இதனால் நின்றபோது, அன்று வந்ததும் என் மகளுக்குத் தாயாகிவிட்டதா என்ற கேள்வி எனக்கு வந்தது. வேறு யாருக்கோ என்பதுபோல் மௌலவியிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு தரத்தில் அந்த உறவு வராது, ஐந்து தரமாவது குடித்திருக்க வேண்டும் என்றார். ஆறுதலாக வீட்டுக்கு வந்து என் மனுஷனிடம் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுக்குப் பொறகும் ஒரு கிழமையா, ராவு ராவா நீ பால் குடுக்கிறத நான் கண்டனே. அது நீதானே?"

அந்தக் கிழமை முழுக்க என் மகள் ஒரு ராத்திரிகூட அழவில்லை. நான் ஒருநாளும் எழும்பவே இல்லை.