உப்பு குடித்த மாடி

பழைய கான்கிரீட் வீடு வாங்க உத்திரமேரூர்ப் பக்கம் கிளம்புகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அவர்களுக்காக, அறுபதுகளில் ஒரு சித்திரை மாதம் நான் அங்கே போய்வந்த கதை. அப்போது நான் கட்டட வேலைகளை மேற்பார்வையிடும் புது ஓவர்சீயர். "கூரை பெயர்ந்து விழுகிறது, உடனே வா" என்று நண்பன் கதிர்வேலு கடிதம் போட்டிருந்தான்.

செங்கல்பட்டில் காலை ஏழு மணி பஸ். பதினேழு மைல், ஒன்றேகால் மணி நேரம், முக்கால் ரூபாய். ஏரி வறண்டு கிடந்தது. அம்மாடி, அந்த வெயில்!

அந்தத் தெருவிலேயே முதல் கான்கிரீட் வீடு கதிர்வேலுவுடையது. கட்டிய வருஷமேதான் அவனுக்குக் கல்யாணமும் ஆனது. போன மாதம் கூடத்தில் தூளிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு விழுந்திருக்கிறது. குழந்தை தாயின் இடுப்பில் இருந்ததால் தப்பியது. உடனே அவன் அம்மா ராஜம்மா, "இவ கால் வெச்ச நேரம், வூடே இடியுது" என்று மருமகள் சரோஜாவைக் குழந்தையோடு செங்கல்பட்டுக்கு, தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாதாம். கதிர்வேலு வாயே திறக்கவில்லை. அவனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது எனக்கு.

மாடிக்குப் போனேன். கால் வைக்க இடமில்லை. வெறுந்தரையில் மோர்மிளகாய், உப்பு மாங்காய், எலுமிச்சை காய்ந்துகொண்டிருந்தன! தெருவுக்கே ஊறுகாய் போடுகிறவர் ராஜம்மா. ஜாடியில் மிஞ்சிய உப்புத் தண்ணீரையும் வருஷக்கணக்காக அங்கேயே கொட்டியிருக்கிறார். கான்கிரீட்டின் மேல், தண்ணீர் இறங்காமல் காக்கும் சுண்ணாம்புத் தளம் போடாமல் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டிருந்தார்கள். வெயிலில் விட்ட கீறல் வழியே உப்பு இறங்கிக் கம்பியைத் தின்றிருந்தது. துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும்.

கீழே வந்து, விழுந்த துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன்.

"ஐயே! இன்னா தம்பி, கல்லை நக்கினு கீற?" என்றார் ராஜம்மா.

"நீங்களும் வெச்சிப் பாருங்கம்மா."

வைத்தார். முகம் சுருங்கியது. "உப்புக் கரிக்குதே!"

"மாடில நீங்க கொட்டின தண்ணிதாம்மா. கம்பியெல்லாம் துரு. இதுல சரோஜா மேல என்ன தப்பு?"

"அடப் பாவி, நானே பண்ணிக்கினு அந்தப் பொண்ண வறுத்தெடுத்துட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கே பாவமாகிவிட்டது.

வீடு பார்க்கப் போகிறவர்களே, கூரையில் கம்பி ஓடும் வாக்கில் வெடிப்போ பழுப்புக் கறையோ இருக்கிறதா பாருங்கள். கழியால் தட்டுங்கள். வெறும் பானையைத் தட்டினாற்போல் பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் நிற்காதீர்கள். உப்பு போட்டதைத் தட்டில் காய வையுங்கள், மாடித் தரையில் வேண்டாம். எது இடிந்தாலும் முதலில் மாடிக்கு ஏறிப் பாருங்கள். மருமகளை அப்புறம் பார்க்கலாம்.

பழுதான கான்கிரீட்டைக் கொத்திக் கம்பி மாற்றக் கதிர்வேலுவிடம் சொல்லிவிட்டு, ஒரு மணி செங்கல்பட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே ராஜம்மா ஏறி உட்கார்ந்திருந்தார். கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"சாயந்தரம் திரும்பி வரசொல்ல ரெண்டு பேருக்கு இடம் புடிச்சி வைப்பா. எனக்கும் என் மருமவளுக்கும். கொயந்த என் மடில வரும்."