தெற்கே சாய்ந்த பாலிகை

என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது ஜாதகமோ வரதட்சணையோ இல்லை; ஐந்து மண்சட்டியில் முளைத்த நவதானியம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் பந்தக்கால் நட்ட அன்றே சுமங்கலிகள் சேர்ந்து பாலிகை தெளிப்பார்கள். சட்டியில் புற்றுமண்ணும் சாணத்தூளும் போட்டு, ஊறவைத்த ஒன்பது தானியத்தையும் தூவி, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் வைத்துவிடுவார்கள். முகூர்த்தத்தன்று பயிர் அடர்த்தியாக, நேராக நிற்க வேண்டும். நின்றால் குடும்பம் தழைக்கும். சாய்ந்தால் ஆகாது. தெற்கே சாய்ந்தால் அறவே ஆகாது, எமன் இருக்கிற திசை அது.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற ரோட்டை ஒட்டியே இருந்தது. ரோடு வீட்டுக்குத் தெற்கே. இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம் அது. ஓடினால் பஸ், ஓடாவிட்டால் இல்லை. எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் ரோட்டில் நின்றார்கள். மீதிப் பேர் போலீஸ் வேனுக்குப் பயந்து கரும்புக் கொல்லையில் கிடந்தார்கள். புளியமரங்களை வெட்டி ரோட்டில் போடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மறுநாளே கோடாலிச் சத்தம் கேட்டது. ஒரு மரம் விழும்போது வரும் சத்தத்தைவிட அதற்குப் பின்னால் வரும் அமைதிதான் பயமாக இருக்கும். காக்காய்கள் உட்கார இடமில்லாமல் எங்கள் கூரைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

ஒரு லாரியின் கண்ணாடி எங்கள் வாசலுக்கு நேராக உடைந்த அன்று, அம்மா ரோட்டுப் பக்க ஜன்னல்களை எல்லாம் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பாலிகை இருந்த நெல் அறைக்கு இருந்ததே ஒரு ஜன்னல்தான். அதையும் சாத்தியாயிற்று. அதன் பலகையில் விரல் அகலத்துக்கு ஒரு விரிசல் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

பயிரை முதலில் பார்த்தது என் அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணமான வருஷமே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். பாலிகை அறைப் பக்கமே அவள் வரக்கூடாது. வெளியே நின்று அந்த விரிசல் வழியாகப் பார்த்துவிட்டுத் தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"ஐயோ, ஒட்டுக்கா தெக்கால சாஞ்சிகினு கெடக்குதே! எமனுக்குக் கும்புடு போடுற மாதிரி இருக்குதுடா தம்பி! வாணாம், இந்த கல்யாணத்த நிறுத்து!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஐந்து சட்டியிலும் வெளுத்துப்போன முளைகள், நெட்டையாக, ஒன்றுவிடாமல் ஜன்னலைப் பார்த்துக் குனிந்திருந்தன. அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஏற்கெனவே ஒரு பரிசம் நின்றுபோயிருந்தது. தட்டு மாற்றுகிற அன்றைக்கு மாப்பிள்ளையின் பெரியப்பா செத்துப்போனார்; கிழவர் செத்ததற்கு என் ராசியைச் சொன்னார்கள். இந்த இடம் திருக்கோவிலூர். மாப்பிள்ளை வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆவணியின் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் புரட்டாசி, அதற்கப்புறம் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். எனக்கு மூன்றாவதாக ஒரு மாப்பிள்ளை வருவான் என்று சொல்ல ஊரில் ஒரு நாக்கு கிடையாது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். அப்பவும் இப்பிடியே இருந்துச்சின்னா ஆள் வுட்டு சொல்லிடறேன், கெளம்பாதீங்கன்னு."

எனக்கு வந்த கோபம்! பள்ளிக்கூடத்தில் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அவரைச் செடி வளர்த்தவள் நான். செடி எமனையா பார்க்கும்? வெளிச்சத்தைப் பார்க்கும். விரிசலைச் சாணம் வைத்து அடைத்தேன். பந்தலுக்கு வந்து வேலையில்லாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்த மைக்செட்டுக்காரரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, ஒரு டியூப்லைட் குடுங்க."

"இன்னாத்துக்கும்மா?"

"பயிருக்கு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணப் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்திருப்பார். ஆனாலும் கொடுத்தார்.

வடக்குச் சுவரில் ஆணி இருந்தது, அதில் மாட்டினேன். தெற்கே சாய்ந்ததை வடக்கே இழுத்தால் நடுவில் நிற்கும் என்று என் கணக்கு. புத்தியைப் பாருங்கள்! மறுநாள் மத்தியானம் பார்த்தால் விளக்குக்குப் பக்கத்துச் சட்டிகள் வடக்கே விழுந்திருந்தன, தூரத்துச் சட்டிகள் தெற்கிலிருந்து அசையவில்லை, நடுச்சட்டி குடிகாரன் மாதிரி தள்ளாடியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இருந்ததயும் கெடுத்தியேடி பாவி" என்று அழுதாள். ரோட்டில் இன்னொரு மரம் விழுந்தது.

அழுது முடித்துவிட்டு யோசித்தேன். வெளிச்சம் பக்கத்திலிருந்து வரக்கூடாது, தலைக்கு மேலிருந்து வர வேண்டும். விளக்கைக் கழற்றி உத்தரத்தில் கயிறு கட்டி, பயிருக்கு மேல் முழங்கை உயரத்தில் தொங்கவிட்டேன். டியூப்பின் நடுவில் வெளிச்சம் ஜாஸ்தி, இரண்டு கோடியிலும் கம்மி. அதனால் நன்றாக வளர்ந்த சட்டிகளைக் கோடியிலும் நோஞ்சானை நடுவிலும் வைத்தேன். பாதி வெளிச்சம் வீணாகக் கூரைக்குப் போனது. மூடிக் கிடந்த டீக்கடையின் பின்பக்கம் போய், டீத்தூள் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து வந்து, அட்டையில் ஒட்டி, விளக்குக்கு மேல் கூரை மாதிரி மடித்துக் கட்டினேன். சுற்றிலும் அப்பாவின் வெள்ளை வேட்டிகளைத் தொங்கவிட்டேன். அப்போதுதான் ஓரத்துப் பயிர் மேலும் வெளிச்சம் ஒரே சீராக விழுந்தது. நினைத்துக்கொண்டபோதெல்லாம் சட்டிகளைத் திருப்பி வைத்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். வேட்டிகளையும் ஈயத்தாளையும் பார்த்தார். பயிர் பாதி நிமிர்ந்திருந்தது. வோல்டேஜ் குறைந்து விளக்கு மினுக்கியது. என் முகத்தைப் பார்த்தார். "இருக்கட்டும், காலைல பாக்கலாம்" என்று போய்விட்டார்.

காலையில் ஐந்து சட்டியும் நேராக நின்றன. பச்சை ஏறியிருந்தது. அம்மா கற்பூரம் ஏற்றினாள். ஊர்ப் பெண்கள் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தை மட்டும் கதவோரமாக நின்று பார்த்தாள். கத்தவில்லை. முகம் செத்துப்போனது. மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். அவள் வாயடைத்துப்போனதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

முகூர்த்தத்தன்று ரோடு முழுக்க மரம். மாப்பிள்ளை வீட்டார் வேனைத் தியாகதுருகத்திலேயே விட்டுவிட்டார்கள் என்று தகவல் வந்தது. அவர்களைக் கூட்டிவர அப்பா கொல்லைமேட்டு வழியாக எதிரே போனார். நேரம் நெருங்கியும் யாரையும் காணோம். தூரத்தில் எதுவோ எரிகிற புகை. மணவறையில் உட்கார்ந்து வயல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் முடிய கொஞ்சமே இருந்தபோது வரப்பு மேல் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி முழங்கால் வரை சேறு. அப்படியே உட்கார்ந்து தாலி கட்டினார். அப்பா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அத்தை வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்து கை காட்டிக் கூப்பிட்டாள். போனேன்.

"வெளக்கு போட்டு நிமித்திட்ட, இல்ல?"

"ஆமா. இன்னா இப்போ?"

"எனக்கு யாரும் வெளக்கு போடல. தானாவே நூல் புடிச்ச மாதிரி நின்னுச்சிடி என்னுது. ஊரே மெச்சிச்சி. ஆறாம் மாசம் கரும்பு வெட்டப் போனவர பாம்பு புடுங்கிடுச்சி." வாயைப் பொத்திக்கொண்டாள். "அன்னிக்கு சாஞ்சிருந்தா எங்கப்பன் நிறுத்தியிருப்பான். உன்னுது சாஞ்சதும், சரி, இது பொழைச்சிக்கும், யாராவது நிறுத்துவாங்கன்னு கத்துனேன். நேரா நிக்கறதப் பாத்தாதான்டி எனக்கு கொல நடுங்குது."

"தாலி ஏறின அன்னிக்கு பேசற பேச்சா அத்தே இது? வாய கழுவுங்க!" என்று சீறிவிட்டு வந்துவிட்டேன்.

சீறினேனே தவிர, அந்தப் பேச்சு என்னோடு வெள்ளிமலைக்கு வந்தது. மலைப்பாதையில் பஸ் வராத நாட்களில் ஜீப்தான். உள்ளே இருக்கிறவர்களைவிட வெளியே தொங்குகிறவர்கள் ஜாஸ்தி. அவர் சம்பளம் வாங்கவோ புத்தகம் எடுக்கவோ கீழே இறங்கினால், அந்த ஜீப் வளைவு திரும்பும் சத்தம் மறுபடி கேட்கும் வரை எனக்குச் சோறு இறங்காது. அவர் சாமை வயல் பக்கம் ஒதுங்கப் போனால்கூட, "கால பாத்து வைங்க" என்பேன். "இன்னா நீ, எப்பப் பாரு பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்று சிரிப்பார். அத்தை சொன்னதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஆறாவது மாதமான மாசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் நான் படுக்கவே இல்லை. மாசி போனது.

பங்குனியில் ஒரு சாயங்காலம் அத்தை வந்து நின்றாள். மலை ஏறியதே இல்லை அவள். வளைவுகளில் வாந்தியெடுத்து முகம் தொங்கிப்போயிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய், நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"நல்லாகீறீங்களா மாப்ளே?"

"நல்லாகீறேங்க. உக்காருங்க."

அடுப்படிக்கு வந்து கீழே உட்கார்ந்தாள். "சோறு போடு" என்றாள். போட்டேன். பிசைந்து, பெரிய பெரிய கவளமாக விழுங்கினாள். மறுபடியும் தட்டை நீட்டினாள்.

"இன்னா அத்தே, இவ்ளோ பசியா?"

"உன் தாலி ஆறு மாசம் தாண்டட்டும்னு ராத்திரி சோத்த வுட்டுட்டேன்டி. செரிக்கலன்னு உங்கப்பன்கிட்ட சொல்லிகினு இருந்தேன்." நிமிராமலே சொன்னாள். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து."

அவளையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் குழம்பு தட்டுக்கு வெளியெல்லாம் சிந்தியது. அவள் அதையும் வழித்துச் சாப்பிட்டாள்.