எடை மேடைக் கூச்சல்

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் கணினியை இப்போது எங்கே பார்க்க முடியும்? அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் எடை மேடையில் அண்மைக்காலம் வரை அப்படி ஒன்று இருந்தது. ஆயுதபூஜை தவறாமல் அந்தக் கிழத்துக்குச் சந்தனம் அப்பி, காற்றுப் போகிற ஓட்டைகளைப் பாதி அடைத்து வைத்திருந்தார்கள். பழுதானால் உதிரிபாகம் கிடைக்காது. அதை மாற்றத் திட்டம் போடத்தான் நான் போனேன்.

அங்கே லாரிகளை எடை போட்டவரை எல்லோரும் அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒவ்வொரு ஓட்டுநரும் ஜன்னலில் தலையை நீட்டி, வண்டி எண்ணை ஊருக்கே கேட்கும்படி கத்துவார். அக்காவும் அதே சத்தத்தில் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டுவார். எனக்கு மண்டையிடி. எண்ணைத் தானே படிக்கும் கேமரா, மவுஸால் இயக்கும் புதுத் திரை என்று திட்டம் எழுதிவிட்டு, இனி இந்த இடம் அமைதியாகிவிடும் என்று மகிழ்ந்திருந்தேன்.

வெள்ளோட்டத்தன்று அக்கா மவுஸைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: “தம்பி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. சர்க்கரை. பழசுல எழுத்து பெருசு, கையும் பழகிடுச்சு, சமாளிச்சிட்டேன். இது யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா வேலை போயிடும்.” கணவர் இறந்தபின் அந்த வேலையை நம்பித்தான் மகளை ஜெயங்கொண்டத்தில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் முதலாவதாக நின்ற ஓட்டுநர் பொறுமை இழந்து ஜன்னலுக்கு வந்தார். திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “என்ன சார் இம்புட்டுப் பொடி எழுத்தா வச்சிருக்கீங்க? அக்காவுக்குக் கண்ணு தெரியாதுன்னுதானே நாங்க நம்பரைக் கத்துறோம். புதுசா வர்ற டிரைவருக்கும் மொதல்ல அதைத்தான் சொல்லிக் குடுப்போம்.”

அன்றே திட்டத்தைத் திருத்தினேன். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், பழைய விசைகளே பழைய வேலையைச் செய்ய வேண்டும், மவுஸ் வேண்டாம். யாருக்காக என்று எழுதவில்லை; யாரும் கேட்கவுமில்லை. அக்கா இன்றும் அதே இருக்கையில்தான் இருக்கிறார்.

அன்று ஓட்டுநர் சொன்னதைக் கேட்டதும் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“அடப்பாவிகளா! லாரி ஓட்டி ஓட்டி ஒங்களுக்குத்தான் காது மந்தமாயிடுச்சுன்னு, நானும் இத்தனை வருசமாத் தொண்டை கிழியக் கத்திட்டு இருந்தேன்!”