புட்டுப்பானையில் பேரிக்காய்

ஒஸ்லோவில் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வருகிற அப்பா, எங்கள் வீட்டுக் குசினிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். அப்படிப்பட்டவர், எனக்கு ஏழு வயதாயிருந்த அந்தக் கோடை முடிவில், அம்மாவின் புட்டுப்பானையில் பேரிக்காய் அவிக்கத் தொடங்கினார். நடுவைக் குடைந்து, கற்கண்டு போட்டு அவித்து, இரு கையாலும் ஏந்திவந்து அம்மாவிடம் நீட்டுவார்.

அம்மாவுக்குத் தொய்வு. வெயில் குறைந்ததும் மூச்சு இழுக்கும்.

"தொய்வுக்காரிக்குப் பேரிக்காயோ? குளிரெல்லோ! ஆரப்பா இந்தப் புத்தி சொன்னது?"

"எங்கட சீனச் சமையல்காரர்தான். இலை பழுக்கேக்கை காத்துக் காயுமாம், நெஞ்சும் காயுமாம். முதலே ஈரமாக்கி வைக்கவேணுமாம். சாப்பிடுமன்."

குளிரூட்டிய எதுவும் ஆகாது என்றும் அந்த மனிதர் சொல்லியிருந்தார். சொன்னது அம்மாவுக்கு, பறிபோனது என் ஐஸ்கிறீம். முகம் தெரியாத அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அம்மா மிச்சம் வைத்த இனிப்புச் சாற்றைக் குடித்த பிறகு கொஞ்சம் மன்னித்தேன்.

ஊரில் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி அப்பாவுக்கு மட்டும் வந்திருந்தது. முன்னொரு சாவுச் செய்திக்கு அழுதபோது அம்மாவுக்கு மூச்சு அடைத்து, அம்புலன்ஸ் வந்து ஏற்றிப்போனது. துக்கம் குடியிருப்பதே நெஞ்சில்தான், இலையுதிர்காலத்தில் அது கூடும் என்று சீனர் வேறு சொல்லிவிட்டார். பாவம் அப்பா, சொல்லத் துணிவில்லாமல் பேரிக்காய் அவித்துக்கொண்டிருந்தார். அம்மா ஊருக்குப் போன் எடுக்கக் கேட்டால், கார்ட் முடிந்துவிட்டது என்பார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தது.

ஒரு பின்னேரம் எங்கள் பல்கனியில் பேர்ச் மரத்தின் மஞ்சள் இலைகள் வந்து கிடந்தன. அப்பா அம்மாவின் இன்ஹேலரைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டார்.

"ஐயோ, என்ரை தம்பி!"

அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பயந்துபோனேன். அப்பா அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை ஓய்ந்து விக்கல் மட்டும் மிஞ்சியபோதும், மூச்சு இழுக்கும்போது வருகிற அந்த விசில் சத்தம் வரவில்லை. அதை முதலில் கவனித்தது நான்தான் என்று எனக்குப் பெருமை.

"அப்பா, அம்மாவுக்கு இழுக்கேல்லை! பேரிக்காய் மருந்து வேலை செய்திட்டுது!"

அதுவரை கண் கலங்காத அப்பா, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினார். இவ்வளவு நல்ல செய்தியைச் சொன்னதற்கு அவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.