வரிசையில் முதலில் கிடைத்த உலகம்மாள்

தென்காசி பழைய பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்தான் அந்தச் செய்தியைப் படித்தேன். போன வருஷம்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து சுவரில் எது ஒட்டியிருந்தாலும் நின்று முழுக்கப் படித்துவிட்டுத்தான் நகர்வேன். கல்யாணம், கட்சிக் கூட்டம், மூலம் பவுத்திரம் எதையும் விடுவதில்லை. அன்றைக்கும் அப்படித்தான் சந்தோஷமாக ஆரம்பித்தேன். உ, ல, க, ம், மா, ள் என்று வந்தது.

எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு உலகம்மாள் உண்டு. அம்மன் பெயர் அது. படத்தில் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மாள். எனக்குத் தெரிந்த முகம் இல்லை. நம் உலகம்மாளாக இருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். ‘கம்ப்யூட்டர் பொறியாளர், ஓய்வு, சென்னை’ என்று இருந்தது. சரியாகத்தான் படித்தேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. திரும்பவும் படித்தேன். அதேதான் வந்தது.

மேலகரத்தில் அவருடைய அக்கா ஆவுடையம்மாள் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் செருப்புகள் கிடந்தன.

“எந்த உலகம்மாள் தாயி?” என்றேன்.

“நம்ம உலகாதான் அண்ணாச்சி” என்று அழுதார் அவர்.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறீர்கள் என்றும், நானும் எழுத வேண்டும் என்றும் ஆவுடையம்மாள் சொன்னார். நான் எழுதினால் மாதக்கணக்கில் ஆகும் என்றேன். ஆகட்டும் என்றார். எழுதியிருக்கிறேன்.

என் பெயர் மாடசாமி. எண்பதுகளில் தென்காசி ரயில் நிலையத்திலிருந்து குற்றாலத்துக்குக் குதிரை வண்டி ஓட்டினேன். பெரிய கோயில் கோபுரம் மொட்டையாக நின்ற காலம். அப்போது உலகம்மாளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மஞ்சள் காமாலை வந்து, சென்னையில் ஆராய்ச்சி நிலைய வேலைக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு, குற்றாலத்தில் அக்கா எடுத்திருந்த வாடகை வீட்டில் வந்து படுத்திருந்தார். படுத்தாரே தவிர ஓயவில்லை. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் நீளக் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருப்பார். மருந்துக் கடைக்கும் டெலிபோன் ஆபீசுக்கும் போக என் வண்டிதான்.

எழுதியதை யாருக்காவது வாசித்துக் காட்டாமல் அவரால் இருக்க முடியாது. அக்கா காதைப் பொத்திக்கொள்வார். ஆகவே வண்டியில் எனக்கு வாசிப்பார். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். “புரியலன்னா கேளுங்க அண்ணாச்சி. நீங்க கேள்வி கேக்காம வந்தா அந்தப் பக்கம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்” என்பார். நான் விடாமல் கேட்பேன். முக்கால்வாசி உதவாத கேள்வி. அதற்கும் பதில் சொல்வார்.

அவர் எழுதியது என்ன என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அவர் சொன்ன விதத்தில் சொல்கிறேன். லிஸ்ப் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு மொழி. அதில் எழுதிய பெரிய புரோகிராம் ஒரே துண்டாக இருக்காது, பல துண்டாகக் கிடக்கும். எந்தத் துண்டுகள் சேர வேண்டும், எது முன்னால், எது பின்னால் என்று ஒரு சின்ன விவரம் தனியாக எழுதி வைத்திருக்கும். அந்த விவரத்தைத் தேடி எடுத்து, அதன்படி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட ஒரு கருவி.

“கொத்தனார்னு வச்சுக்கிடுங்க. பிளானைத் தேடி எடுத்து வீட்டைக் கட்டுவாரு.”

“பிளான் எங்கன இருக்குன்னு கொத்தனாருக்கு யாரு சொல்லுவா?”

“அதைத்தான் நான் எழுதுதேன். நாம அவருக்கு ஒரு வரிசை குடுத்திருப்போம். மொதல்ல இந்தப் பெட்டியில பாரு, அங்கன இல்லன்னா அடுத்த பெட்டியில பாருன்னு.”

“கொத்தனாருக்கு டீ உண்டா?”

“ஓய்வே கெடையாது. உங்க குதிரை மாதிரி.”

“எங் குதிரை ஓய்வுதான் எடுக்குது. நடுவுலதான் கொஞ்சம் ஓடுது” என்றேன். காமாலைக் கண்ணோடு சிரித்தார்.

அந்தப் புரோகிராம் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். வேறு மாவட்டத்தில் ஓர் அணை. மழையையும் தண்ணீர் வரத்தையும் கொடுத்தால், மதகை எப்போது திறக்கலாம் என்று அது யோசனை சொல்லும். முதலில் எழுதியதில் ஒரு பிழை. மதகைத் தாமதமாகத் திறக்கச் சொன்னது. அதைத் திருத்திப் புதிதாக எழுதியிருந்தார்கள். புதியது ஒரு டேப்பில் அணைக்குப் போக வேண்டும். கூடவே இவர் எழுதும் கையேடும் போகும். அங்கே மெஷினுக்கு முன்னால் ஒரே ஓர் ஆள். கையேட்டில் உள்ளபடிதான் அவர் செய்வார். போன் கிடையாது.

குற்றாலத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே மலையில் மழை பெய்தால் அருவியில் குளிக்கிறவனுக்குத் தெரியாது. போலீஸ் விசில் ஊதும் நேரம் தாமதித்தால் போச்சு.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். ஆடி மாதம், சாரல். மருந்துக் கடையில் உலகம்மாளின் மருந்துச் சீட்டு ஏற்கெனவே இருந்தது. கடைக்காரர் சீட்டுக் கட்டை எடுத்து மேலிருந்து தள்ளினார். ‘உலகம்மாள்’ என்று கண்ணில் பட்டதும் நிறுத்தி, அந்த மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். உலகம்மாள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டார்.

“அண்ணாச்சி, இது இருமல் மருந்துல்லா?”

“ஒங்க பேருலதான இருக்கு?”

“எத்தனை உலகம்மாள் இருக்கான்னு பாத்தியளா?”

“ஒண்ணு கெடச்சதுக்கப்பறம் எதுக்கும்மா மேல தேடணும்?”

உலகம்மாள் சிரித்தார். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. சரியான மருந்தை வாங்காமலே வண்டிக்கு ஓடி வந்தார்.

“டெலிபோன் ஆபீசுக்கு விடுங்க.”

“மருந்து?”

“விடுங்க அண்ணாச்சி!”

வழியில் சொன்னார். அணையில் பழைய பெட்டியில் பழைய விவரமும் அதே பெயரில் இருக்கிறது. இரண்டில் புதியதைக் கருவி எடுத்துக்கொள்ளும் என்று கையேட்டில் எழுதிச் சென்னைக்கு அனுப்பியும் விட்டார். மேலதிகாரி சொன்னார், இவர் எழுதினார். யாரும் செய்து பார்க்கவில்லை. மருந்துக் கடைக்காரர் மாதிரி அதுவும் முதலில் கிடைத்ததோடு நின்றுவிட்டால்? டேப்போடு, கூட வேலை பார்க்கும் பீட்டர் என்பவர் அன்று சாயங்காலமே சென்னையிலிருந்து பஸ் ஏறுகிறார்.

டெலிபோன் ஆபீசில் அர்ஜென்ட் கால் எழுதிக் கொடுத்தோம். மதுரையோடு லைன் நிற்கிறது என்றார் ஆபரேட்டர். எங்களுக்கு முன்னால் புளியறையிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். செக்போஸ்ட்டில் பிடித்து வைத்த லாரிக்காகச் சென்னையில் இருக்கும் முதலாளியிடம் பேச வேண்டும். உலகம்மாள் உட்காரவில்லை. சுவருக்கும் வாசலுக்கும் நடந்தார். எனக்குக் கடிகாரத்தில் மணி பார்க்கத் தெரியாது. வெளியே வெயில் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அர்ஜென்ட் என்பதால் முதலில் எங்கள் கால்தான் கிடைத்தது. கூண்டுக் கதவு சாத்தியும் அவர் கத்தியது தெருவுக்குக் கேட்டது.

“பீட்டர்! ரெண்டு இடத்துலயும் ஒரே பேருல வை! பழசை மொத இடத்துல வை! இப்போ கட்டச் சொல்லு! எதை எடுக்குதுன்னு பாரு, நான் நிக்கேன்!”

நின்றார். மூன்று நிமிஷம் ஆயிற்று என்று ஆபரேட்டர் சொல்ல, இன்னும் கொடுங்கள் என்று கையை ஆட்டினார்.

“பேசாம நிக்கதுக்கா தாயி போனு? யாரு செத்துட்டா?” என்று லாரிக்காரர் எரிந்து விழுந்தார்.

உலகம்மாள் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “இன்னும் யாரும் சாகல அண்ணாச்சி. அதுக்குத்தான் நிக்கேன்.”

பிறகு பீட்டர் பதில் சொன்னார். பழையதைத்தான் எடுத்திருக்கிறது. “எழுதிக்கோ பீட்டர். வரிசையில் முதலில் கிடைப்பதை எடுக்கும். அதோடு தேடுவதை நிறுத்தும். புதியதா பழையதா என்று பார்க்காது. ஆகவே கட்டுவதற்கு முன்...”

லைன் அறுந்தது.

“பழசை அகத்தணும்னு சொல்லலியே! அதுதானே முக்கியம்!” என்று என்னிடம் சொன்னார். மறுபடி எழுதிக் கொடுத்தால் வரிசையில் கடைசி. பீட்டர் அதற்குள் கிளம்பிவிடுவார்.

அப்போது லாரிக்காரரைக் கூப்பிட்டார்கள். சென்னை லைன் வந்துவிட்டது. அவர் எழுந்து, என்னிடம் மெதுவாக, “அந்தப் பிள்ளை எதுக்குவே இப்படித் தவிக்கி?” என்றார்.

“அணைத் தண்ணி விசயம். கீழ ஊரெல்லாம் இருக்கு.”

“அட, அதை மொதல்லயே சொல்லக்கூடாதா? எல்லாரும் வாயில மண்ணையா வச்சிருக்கிய?” ஆபரேட்டரிடம் திரும்பி, “அந்தப் பிள்ளைக்கு நம்பரை மாத்திக் குடுமய்யா. என் லாரி எங்கன ஓடப் போவுது? அதான் பிடிச்சு வச்சிருக்கானே” என்றார்.

பீட்டர் வாசல்வரை போய்விட்டு ஓடி வந்தாராம். உலகம்மாள் மிச்சத்தையும் சொல்லி முடித்தார். முடித்தும் போனை வைக்கவில்லை. “எழுதினதை வாசிச்சுக் காட்டு. நான் சொன்னது போதாது, நீ எழுதினதுதான் அங்கன போவுது” என்றார். கேட்டார். கண்ணை மூடித் தலையாட்டினார். அப்புறம்தான் போனை வைத்தார்.

டேப் போய்ச் சேர்ந்தது, பழையதை அகற்றிவிட்டுத்தான் கட்டினார்கள் என்று பிறகு தகவல் வந்தது. அந்த ஐப்பசியில் அணை நிரம்பியபோது நேரத்தோடு மதகைத் திறந்தார்கள். செய்தித்தாளில் ஒன்றும் வரவில்லை. “ஒண்ணும் வரலல்லா? அதுதான் நம்ம செய்தி” என்றார் உலகம்மாள்.

அன்று டெலிபோன் ஆபீசிலிருந்து திரும்பும் வழியில் நான் கேட்ட கேள்வி ஒன்று நினைவிருக்கிறது. “எந்தப் பெட்டியிலயும் இல்லன்னா கொத்தனாரு என்ன செய்வாரு?”

“இல்லன்னு சொல்லிட்டு நிப்பாரு. எங்கெங்க தேடுனேன்னு சொல்லுவாரு. இல்லாததை இருக்குன்னு தானா ஒண்ணைக் கட்ட மாட்டாரு. அதுவும் எழுதியாச்சு அண்ணாச்சி.”

இதை எழுதி முடித்ததும் அவர் வழக்கப்படி என் வீட்டுக்காரி பேச்சியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கேட்ட இடங்களில் எல்லாம் திருத்தினேன். அவள் கேள்வி கேட்பதை நிறுத்திய பிறகே உங்களுக்கு அனுப்புகிறேன். அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பழக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. சுவரொட்டியில் பார்த்த நரைத்த முகம்தான் புதியது, சரியானது. ஆனால் உலகம்மாள் என்று யார் சொன்னாலும் என் மனம் தேடிப்போய் முதலில் எடுப்பது, டெலிபோன் கூண்டிலிருந்து மஞ்சள் கண்ணோடு தலையை நீட்டிய பெண்ணைத்தான். அதோடு தேடுவதை நிறுத்திவிடுகிறது. பழையதை அகற்றச் சொன்னார் அவர். இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் அகற்றப் போவதில்லை.