காஜா பெராங்குக்கு மாப்பிள்ளை அழைக்கப் போனேன்

காலை எட்டேகால் மணிக்கு ஈப்போவில் வண்டி ஏறினேன். மெர்டேக்கா, அதுதான் மலாயாவின் சுதந்திரம், கிடைத்தபின் வரும் முதல் பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பொங்கலை வைத்துக்கொண்டு ஒருவன் பெட்டியைத் தூக்கினால் அக்கம்பக்கம் சும்மா விடுமா? "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று நிலையம் போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "மலாக்காவுக்கு. மாப்பிள்ளையைக் கூட்டிவர."

மாப்பிள்ளை என்றால் என் தங்கை கமலத்தின் கணவன் துரைசாமி. கமலம் விஷக்காய்ச்சலில் போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. அவள் போன மூன்றாம் மாதம், மலாக்காவில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியர் வேலை கிடைத்தது என்று சொல்லிவிட்டுத் துரை போனான். போனவன் போனவன்தான். தீபாவளிக்கு ஒரு கடிதம், சித்திரைக்கு ஒரு கடிதம். அதிலும் பாதி கூடைப்பந்து.

கூடைப்பந்தில்தான் எங்கள் உறவே ஆரம்பித்தது. ஈப்போவில் சீனப் பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் நாங்கள் இருவரும் சேர்ந்து விளையாடினோம். நான் ஐந்தடி நாலங்குலம், அவன் ஆறடி. நான் எறிவேன், அவன் போடுவான். பந்து விளையாட வீட்டுக்கு வந்தவன் என் தங்கையைக் கட்டிக்கொண்டான். அதனால்தான் மாப்பிள்ளை என்ற மரியாதை வாயில் இருந்தாலும் 'நீ, வா, போ' என்று பேசுகிற பழக்கம் எனக்கு விடவில்லை.

இப்போது ஈப்போவில் ஒரு கிளப் அவனைப் பயிற்சியாளராகக் கேட்கிறது. கூடவே கணக்கெழுதும் கிராணி வேலையும் தருகிறார்கள். அந்தக் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிளப் எக்கேடு கெட்டால் எனக்கென்ன? எனக்குத் துரை வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஜப்பான்காரன் காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இன்னும் ஒண்டிக்கட்டை. கமலத்தைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் எனக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

அன்றிரவு கோலாலம்பூரில் தங்கினேன். மறுநாள் விடிந்ததும் தெற்கே போகும் வண்டியைப் பிடித்து, தம்பினில் இறங்கினேன். அங்கிருந்து மலாக்காவுக்கு இருபத்து நாலு மைல். முன்பு ரயில் போய்க்கொண்டிருந்த பாதை. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் காட்டுக்குக் கொண்டுபோனதிலிருந்து பஸ்தான் கதி. சீட்டு ஒரு வெள்ளி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோழிக்காரர் கூண்டைப் பாதி என் மடியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

பகல் ஒரு மணிக்கு மலாக்கா. கடைகளின் முகப்பில் மெர்டேக்காவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் வெயிலிலும் மழையிலும் வெளுத்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. நாற்பது காசுக்கு ஒரு பெச்சா பேசி, காஜா பெராங் போகச் சொன்னேன். அந்த மூன்று சக்கர வண்டியை மிதித்தவர் மலாய்க்காரர். யார் வீட்டுக்கு என்று கேட்டார். கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிற துரைசாமி வீட்டுக்கு என்றேன்.

"ஓ, செகு துரையா!" என்று பாதத்தை ஊன்றி வண்டியையே நிறுத்திவிட்டார். 'செகு' என்றால் வாத்தியார். "இன்றைக்கு நாலரைக்கு இறுதி ஆட்டம். தெரியாதா உங்களுக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? கடிதத்தில் அவன் எழுதியதெல்லாம் தோற்ற கதைதான். அந்தக் கல்லூரி அணி ரொம்ப மோசமும் இல்லை, நல்ல அணியும் இல்லை. பத்து அணி சேர்ந்தால் வருஷம் தவறாமல் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வரும். 'திட்டக்கூட முடியவில்லை மச்சான், அவ்வளவு சுமாராக விளையாடுகிறார்கள்' என்று ஒருமுறை எழுதியிருந்தான்.

துரை குடியிருந்தது மலாக்கா செட்டிகளின் கம்பத்தில், அவர்கள் குடியிருப்பில். இவர்கள் பல தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டிக்கொண்ட தமிழர்களின் வழிவந்தவர்கள். வாசலில் மாவிலைத் தோரணம், சாமிப் படத்துக்கு விபூதி, எல்லாம் நம் வழக்கம்தான். வாயைத் திறந்தால் மலாய். நான் "அம்மா" என்று கூப்பிட்டதும், சாரோங்கும் கெபாயாவும் உடுத்து நெற்றியில் பொட்டு வைத்த ஓர் அம்மாள் வெளியே வந்தார். மீனாட்சி. துரைக்கு அறை வாடகைக்கு விட்டவர். 'மாச்சிக்', அதாவது அத்தை என்று அவன் கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"கமலத்தின் அண்ணனா?" என்று மலாயில் கேட்டார்.

தூக்கிவாரிப் போட்டது. என் தங்கை பெயரை ஒருவர் வாயால் கேட்டு எவ்வளவு காலமாகிறது! அதற்குள் துரை வெளியே வந்துவிட்டான். இளைத்திருந்தான். காதோரம் நரை. "வாங்க மச்சான்" என்று என் பெட்டியை வாங்கினான். எனக்குப் பேச்சே வரவில்லை. பேச்சு வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். "இதென்னடா, எலும்பும் தோலுமா? சோறு போடறாங்களா இல்லையா?" என்று கத்தினேன். உட்காராமலே கடிதத்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

நின்றபடியே படித்தான். மடித்தான்.

"போகி முடியட்டும் மச்சான். சொல்றேன்."

"போகிக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"இருந்து பாருங்க" என்றான்.

நாலரை மணி. ஊருக்குள் ஒரு சீனப் பள்ளியின் சிமெண்டுத் தரை. எதிரணி அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள், நாலு வருஷமாகக் கோப்பையை விடாதவர்கள், ஒவ்வொருவனும் பனைமர உயரம். நம் கல்லூரிப் பையன்களில் சீனர் இருவர், மலாய்க்காரர் ஒருவர், தோட்டத்திலிருந்து படிக்க வந்த தமிழர் ஒருவர், மீனாட்சி மாச்சிக்கின் மகன் கோபால். கோபாலைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. என்னைவிடக் குள்ளம்.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் எனக்கு வியப்பு. ஒருவனும் பந்தைத் தரையில் தட்டவில்லை! வாங்குகிறான், கொடுக்கிறான், ஓடுகிறான். உயரமானவர்கள் கை நீட்டுவதற்குள் பந்து அடுத்த கைக்குப் போய்விடுகிறது. பிறகுதான் விவரம் தெரிந்தது. சேர்ந்த புதிதில் துரை பார்த்திருக்கிறான், பந்து கிடைத்தவன் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போவான், மற்ற நால்வரும் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு மாதம் முழுக்கத் தட்டுவதற்கே தடை போட்டுவிட்டான். ஒருமுறை தட்டினால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். அழாத குறையாக ஓடியிருக்கிறார்கள். ஆனால் யார் எங்கே நிற்பான் என்பது அவர்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்துவிட்டது.

கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஆமாம், 'தோம்' என்றுதான் எழுதுகிறேன். அதற்குள் நான் அவர்கள் கட்சி. கோபால் இரண்டு பேருக்கு நடுவே குனிந்து, வளையத்தடியில் நின்ற சீனப் பையனுக்குப் பந்தை எறிந்தான். அவன் போட்டான். கோப்பை எங்களுக்கு. எழுந்து குதித்ததில் என் செருப்பு அறுந்துபோயிற்று. துரை குதிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். ஈப்போவில் கமலம் மைதான ஓரம் நின்று கைதட்டுவாளே, அந்த இடத்தில் அவளைத் தேடிவிட்டுத்தான் மூடிக்கொண்டானோ என்று எனக்குத் தோன்றியது. நானும் அப்படித்தான் தேடினேன்.

மறுநாள் போகி. காலை ஏழு மணிக்கே சமையற்கட்டில் அம்மி ஓடியது. மாச்சிக்கிடம் நான் அரைகுறை மலாயில் பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே போன வருஷத்துக் கதையைச் சொன்னார்.

போன வருஷம் ஒரு முக்கியமான ஆட்டத்தைப் போகியன்று வைத்தார்கள். துரை சரி என்று தலையாட்டிவிட்டான். போகிதானே, பழைய பாயைக் கொளுத்தினால் முடிந்தது என்று நம்மாள் நினைப்பு. கோபாலும் அவன் சித்தப்பா மகனும் ஆட்டத்துக்குப் போகவே இல்லை. மூன்று பேரோடு ஆடி அணி கேவலமாகத் தோற்றது. அப்போது துரை கல்லூரி விடுதியில் தங்கி, சாப்பாட்டுக்கு மட்டும் இங்கே வந்துகொண்டிருந்தான்; நேரே இந்த வீட்டுக்கு வந்து வாசலில் நின்று கத்தியிருக்கிறான். "குப்பை கொளுத்தறதுக்கு ஒரு நாள் முழுக்க வேணுமா?"

"நான் திட்டவில்லை" என்றார் மாச்சிக். "உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்."

அவர் காட்டியது பார்ச்சு. இறந்தவர்களுக்குப் படைக்கும் விருந்து. இந்தக் கம்பத்தில் போகி என்றால் அதுதான். செத்துப்போன ஒவ்வொருவருக்கும் வாழையிலை போட்டு, உயிரோடு இருந்தபோது அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பார்கள். பிறகு எல்லோரும் வெளியே வந்து காத்திருப்பார்கள். துரை இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனானாம். "உனக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று இவர் கேட்டாராம். அவன் கமலம் என்றானாம். உடனே ஓர் இலை கூடப் போட்டிருக்கிறார்.

"என் வீட்டில் சாப்பிடுகிறவன். அவன் மனைவியைப் பட்டினி போடுவேனா?" என்று மாச்சிக் அம்மியைப் பார்த்தபடி சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பையன்கள் துரையை நம்பினார்கள் என்று கோபால் சொன்னான். இந்த வருஷம் இறுதி ஆட்டத்தையும் போகியன்றுதான் குறித்திருந்தார்களாம். துரை சைக்கிளில் போட்டி நடத்துகிறவர்களின் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, ஒரு நாள் முன்னே தள்ளி வைத்துவிட்டான்.

மாலை ஐந்தரைக்கு இலைகள் போட்டாயிற்று. மீன் பிண்டாங், கோழிக்கறி, தேங்காய்ப்பால் சோறு, பலகாரங்கள். கடைசி இலைக்குப் பக்கத்தில் நின்று மாச்சிக் என்னைக் கூப்பிட்டார்.

"துரை கருவாடு என்று சொன்னான். பொரித்துவிட்டேன். நீ அண்ணன். சின்ன வயதிலிருந்து பார்த்தவன். அவளுக்கு வேறென்ன பிடிக்கும்?"

கருவாடு பிடிக்கும்தான். ஆனால் சின்னதில் அவளுக்கு உயிர் காந்தல்மீதுதான். சோற்றுப் பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி, சீனி தூவிக் கொடுத்தால் போதும், அன்று முழுக்கச் சொன்ன பேச்சைக் கேட்பாள். ஜப்பான் காலத்தில் சோறே இல்லாதபோது, "அண்ணே, காந்தல் இல்லையா?" என்று கேட்டு என் உயிரை வாங்கியிருக்கிறாள்.

எனக்கு மலாயில் அந்தச் சொல் தெரியவில்லை. பானையைக் காட்டிச் சுரண்டுவதுபோல் கையை ஆட்டினேன். மாச்சிக்குக்குப் புரிந்துவிட்டது. கரண்டியை எடுத்து அடிவரை சுரண்டி, சீனி போட்டு, என் கையிலேயே கொடுத்தார். நான்தான் வைத்தேன். என் தங்கைக்கு.

கதவைச் சாத்திவிட்டு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். கூடைப்பந்துப் பையன்களும் வந்திருந்தார்கள். சீனர், மலாய்க்காரர் எல்லோரும் முற்றத்தில் கைகட்டி நின்றார்கள். உள்ளே சாம்பிராணி புகைந்தது. நான் அழுதேன். நாற்பது வயதை நெருங்கும் மனிதன் குலுங்கிக் குலுங்கி அழுதேன், வெட்கமே இல்லாமல். சிறிது நேரம் கழித்து மாச்சிக் எழுந்து, தொண்டையைக் கனைத்துவிட்டுக் கதவைத் தள்ளினார்.

சாப்பாடு முடிந்து பையன்கள் போனபின் துரையைக் கேட்டேன். "ஏன்டா ஈப்போவை விட்டுட்டு வந்தே? நான் என்னடா பண்ணினேன்?"

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. அவ போனதும் வந்த போகிக்கு அவ சேலை, பாய், சீப்புப் பெட்டி எல்லாத்தையும் போட்டுக் கொளுத்தினீங்களே."

கொளுத்தினேன். கண்ணில் பட்டால் தாங்கவில்லை என்று நான்தான் கொளுத்தினேன். அன்று அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் பேச்சை நான் எடுத்ததில்லை. அவன் எடுத்தாலும் எழுந்து போய்விடுவேன். அவள் பேச்சுக்கு எனக்கு இவன் ஒருவன்தான் என்று சொல்லிக்கொண்டு ரயில் ஏறியவன் நான்! இரண்டு வருஷம் அவன் யாரிடம் பேசியிருப்பான்?

"இப்பவும் நீங்க வான்னு சொன்னா வர்றேன் மச்சான்" என்றான்.

வா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. என்னோடு வந்துவிடு, அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று கதற வேண்டும்போல் இருந்தது. உள்ளே மாச்சிக் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். கடைசி இலையை மட்டும் இரண்டு கையாலும் ஏந்திப் போனார்.

"வேணாம்டா. இங்கேயே இரு" என்றேன்.

பொங்கலன்று காலை ஏழு மணி பஸ். துரையும் கோபாலும் நிறுத்தம்வரை வந்தார்கள். துரை என் கையைப் பிடித்தவன் பஸ் நகர்ந்த பிறகுதான் விட்டான். தம்பினில் வண்டி மாறியதும், எதிரே ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. பெரியவர் கரும்புக் கட்டை மேலே ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொங்கலும் அதுவுமா தனியா வர்றீங்களே, எங்கே போயிட்டு?"

"மலாக்காவுக்கு. தங்கச்சி வீட்டுக்கு."

"ஓ, பொங்கச் சீர் குடுக்கப் போனீங்களாக்கும். தங்கச்சி நல்லா இருக்காங்களா?"

"நல்லாச் சாப்பிட்டாங்க" என்றேன்.