வாசலைப் பார்த்த ஊசி

மகளின் சட்டைக்குப் பட்டன் தைக்க எடுத்த ஊசி கத்தரிக்கோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிரித்தபோது விரலில் உணர்ந்த அந்த மெல்லிய இழுப்பு, என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது.

அம்மாவின் ஊசிகளில் காந்தம் ஏறினால் அப்பாதான் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில், தானே சுற்றிய கம்பிச்சுருளை பிளக்கில் செருகுவார். அது உறுமும், சூடான வார்னிஷ் வாசனை வரும். ஊசியை அதற்குள் விட்டு மெதுவாக வெளியே இழுப்பார். பிறகு நடுவில் நூல் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவார். ஒவ்வொரு தடவையும் வேறு திசையில் நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

"உள்ளே குட்டிக் காந்தமெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஆளுக்கொரு பக்கம் பாக்குது, அதான் வெளியே தெரியலை," என்பார்.

"நம்ம வீடு மாதிரி," என்பாள் அம்மா.

ஒரு ஞாயிறு, ஊசி வாசலையே பார்த்து நின்றது. காந்தம் மிச்சமிருந்தால் பார்க்கவேண்டிய வடக்கோ சமையலறைப் பக்கம். அப்பா மூன்று தடவை சுருளில் விட்டு எடுத்தார். மூன்று தடவையும் வாசல்தான். அங்கே அக்கா படியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா நூலை அறுத்தார். மறுநாள் டியூஷனுக்குப் போன அக்கா திரும்பி வரவேயில்லை.

இன்று நானும் ஊசியை நூலில் தொங்கவிட்டேன். சுற்றிச் சுற்றி வந்து வாசலைப் பார்த்து நின்றது. மகள் அங்கே ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குப் போகாதடி."

"கைக்கூ மம்மி?" என்று தெருவில் பழகிய இந்தியில் ஏனெனக் கேட்டபடி அவள் எழுந்து என்னிடம் வந்தாள்.

ஊசியும் அவளோடு திரும்பியது.